தென்னந்தோப்பு ஆம்னியில் இன்ஜினுக்குப் பதில் மோட்டார்: அளந்தது, மாற்றியது, ஆன செலவு

ஆனைமலைப் பக்கம் மாமாவின் தென்னந்தோப்பில் ஓடும் பழைய மாருதி ஆம்னியின் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு மோட்டாரும் பேட்டரியும் வைத்தோம். லேத் வேலை மட்டும் கோயமுத்தூரில், மற்றதெல்லாம் தோப்புச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில். ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது, அதனால் இப்போது நம்பி எழுத முடிகிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் வைத்து மாற்றுகிறவர்கள் எல்லாரும் மோட்டார் எத்தனை கிலோவாட், எங்கே கிடைக்கும் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன் அந்த வண்டி ஒரு நாளில் என்ன வேலை செய்கிறது என்று கயிறு கட்டி இழுத்து அளக்க வேண்டும். அந்த வேலை சின்னதாக, தினமும் ஒரே மாதிரியாக இருந்தால் இறங்கலாம். இல்லாவிட்டால் காசைப் போட வேண்டாம்.

இந்த வண்டியின் வேலை எப்படிப்பட்டது என்றால், வெள்ளென உரமூட்டையும் சொட்டுநீர்க் குழாயும் ஏற்றிக்கொண்டு சாளையிலிருந்து கிளம்பும், காய் போடுகிற நாட்களில் மரத்தடியில் குவித்த காயைக் களத்துக்குக் கொண்டுவரும். 25 அடிக்கு ஒரு மரம், நாலு மரத்துக்கு ஒரு முறை நிற்கும், இன்ஜினை அணைப்பார்கள், மறுபடி போடுவார்கள். பெட்ரோல் இன்ஜினுக்கு இதைவிட மோசமான பிழைப்பு கிடையாது. சூடாவதற்குள் அணைத்துவிடுவதால் பிளக்கில் கரி பிடிக்கும், எரியாத பெட்ரோல் ஆயிலில் இறங்கி ஆயிலைத் தண்ணியாக்கும், சோக் இழுத்தே ஓட்டுவதால் லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் கூட வராது. மோட்டாருக்கோ இது எதுவுமே பிரச்சினை இல்லை. நிற்கும்போது ஒரு சொட்டு மின்சாரமும் குடிக்காது, கிளம்பும் அந்த நொடியிலேயே முழு முறுக்குவிசை தரும். பெட்ரோல் வண்டியைக் கொல்லும் அதே வேலை மின்வண்டிக்கு ஏற்ற வேலை, அதனால்தான் இதில் கை வைத்தோம். கோயமுத்தூருக்கும் பொள்ளாச்சிக்கும் தினமும் போய்வரும் கார் என்றால் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ரோட்டு விஷயத்தை இங்கேயே பேசிவிடலாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. பேட்டரிக்கு மாற்ற அதிலேயே வழி உண்டு, ஆனால் அங்கீகாரம் பெற்ற கிட்டை விதிப்படி பொருத்தியிருக்க வேண்டும். அந்த கிட்டுக்கு ஏ.ஐ.எஸ். 123 என்ற தரவிதி இருக்கிறது, புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிலையம் பார்த்துச் சான்று தர வேண்டும், அப்புறம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் பதிவாக வேண்டும். நாமாக வாங்கி நாமாகப் பொருத்தியது எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தக் கணக்கில் வராது. இந்த ஆம்னிக்குப் பதினைந்து வருடப் பதிவு முடிந்து, புதுப்பிக்காமல் தோப்புக்குள் மட்டும் கிடந்தது. தோப்பு ஒரு பஞ்சாயத்து ரோட்டுக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது. ரோட்டைத் தாண்டுவதும் ரோட்டில் ஓட்டுவதுதான் என்பதால் வண்டியைக் கீழ்ப்பக்கத் தோப்புக்குள்ளேயே நிறுத்திக்கொள்வது என்று மாமா முடிவெடுத்தார். ரோட்டுக்கு மறுபக்கம் போகும் வேலியோர இட்டேரி (வேலிகளுக்கு நடுவே போகும் மண்பாதை) கேட்டில் பூட்டு போட்டாயிற்று. எதிரே ஒரு பைக்காரர் வந்து மோதினால் இன்சூரன்ஸ் ஒரு பைசா தராது, அந்தக் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது?

சரி, அளவுக்கு வருகிறேன். கொப்பரை மூட்டை நிறுக்கும் தொங்கு தராசு சாளையில் இருந்தது. வண்டியில் வழக்கமான சுமையை ஏற்றி, நியூட்ரலில் விட்டு, முன்னால் டிராக்டர், நடுவில் தராசு, கயிறு. நடை வேகத்தில் இழுத்துப் பார்த்தோம். காய்ந்த மண்பாதையில் 45 கிலோ அளவுக்கு இழுப்பு காட்டியது. தண்ணீர் பாய்ந்து ஈரமான இடத்தில் அது இரண்டு மடங்கு. இதே பக்கத்தில் மேக்காடு என்கிற மேட்டு நிலத்துக்கு ஏறும் மேட்டில் 180 கிலோ. அந்த மூன்று எண்ணும் கிடைத்தபின் மீதி எல்லாம் பள்ளிக்கூடக் கணக்குதான்.

45 கிலோ இழுப்பில் ஒரு கிலோமீட்டர் ஓட 0.12 யூனிட் மின்சாரம் போதும், கியர், மோட்டார், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் எல்லாவற்றின் இழப்பையும் சேர்த்தால் 0.16. ஒரு நாள் ஓட்டம் 12 கிலோமீட்டரைத் தாண்டுவதே இல்லை, ஆக ஈரத்தையும் மேட்டையும் சேர்த்து இரண்டரை யூனிட்டுக்குள் அடங்கும். மேட்டில் 180 கிலோ இழுப்பை மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் இழுக்க 4 கிலோவாட் வேண்டும். அந்த ஆம்னியின் பெட்ரோல் இன்ஜின் 796 சி.சி., 25 கிலோவாட்டுக்கு மேல். இன்ஜினுக்குச் சமமாக மோட்டார் தேடியிருந்தால் ஐந்து மடங்கு பெரிய மோட்டாரும் அதற்கேற்ற பேட்டரியும் வாங்கி லட்சக்கணக்கில் போட்டிருப்போம். 72 வோல்ட், 5 கிலோவாட் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி.) மோட்டார், மூன்று சக்கர லோடு வண்டிகளுக்கு வருகிற வகை, போதும் என்று முடிவானது.

ஆனால் அந்தச் சின்ன மோட்டார் போதுமானதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது, அது பழைய கியர்பாக்ஸ். நிறைய பேர் இன்ஜினோடு கியர்பாக்ஸையும் கழற்றிவிட்டு மோட்டாரை நேராகப் பின் அச்சில் சக்கரங்களைச் சுற்றவைக்கும் டிஃபரன்ஷியலுக்குக் கொடுக்கப் பார்க்கிறார்கள். ஆம்னி பின்சக்கர இழுவை வண்டி என்பதால் ஆசை வரும், நடுவில் ஒரு ஷாஃப்ட்தானே என்று. மேட்டில் சக்கரத்துக்கு 475 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தேவை. டிஃபரன்ஷியலில் மட்டும் ஏறக்குறைய ஐந்து மடங்குதான் கூடும், அப்போது மோட்டார் தர வேண்டியது இழப்போடு 110. நம் மோட்டாரின் நிலையான முறுக்குவிசை 16, சில நொடிகளுக்கு அதைப்போல மூன்று மடங்கு வரை தாங்கும், அவ்வளவுதான். முதல் கியரைச் சேர்த்தால் மொத்தம் 17 மடங்கு, மோட்டாருக்கு 33 வந்தால் போதும், ஏறிவிடும். சமதளத்தில் இரண்டாம் கியர், மோட்டார் 3000 சுற்றில் ஓடும்போது வண்டி மணிக்கு 30 கிலோமீட்டர். தோப்புக்குள் அதற்கு மேல் யாரும் ஓட்டக் கூடாது.

“மாப்ள, மேடு ஏறுமா?” என்று மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். ஏறுமுங்க மாமா என்று காகிதத்தைக் காட்டிச் சொல்ல முடிந்தது அந்தத் தராசினால்தான்.

இறக்கும் வேலையில் முதலில் கழற்ற வேண்டியது பெட்ரோல் டேங்க். இன்ஜினில் கை வைப்பதற்கு முன்பே. காலி டேங்க்தானே என்று பக்கத்தில் கிரைண்டர் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து, உள்ளே இருப்பது காற்றும் ஆவியும் கலந்த கலவை. டேங்கையும் பைப்பையும் எடுத்து வெளியே, வெகு தூரத்தில் வைத்துவிட்டு மறுநாள்தான் வெல்டிங் மெஷினை எடுத்தோம். அப்புறம் ரேடியேட்டர், சைலன்சர், இன்ஜின். ஆம்னியில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருப்பதால் சீட்டை எடுத்துவிட்டுக் கீழ்வழியாக இறக்கலாம், மூன்று சிலிண்டர் சின்ன இன்ஜின், பெரிய கிரேன் எல்லாம் தேவைப்படவில்லை.

இந்த வேலையில் உயிர்நாடி மோட்டாரையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் இடம்தான். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் வீட்டில் செய்த வண்டிகளில் நான் பார்த்த உடைசல் எல்லாம் இங்கேதான். கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பல் வெட்டிய ஷாஃப்ட். அதன் பின்பகுதி கியர்பாக்ஸ் பேரிங்கில் உட்காரும், முன் நுனி இன்ஜின் கிராங்கின் நடுவில் இருக்கும் பைலட் பேரிங்கில் உட்காரும். இன்ஜினை எடுத்தவுடன் அந்த முன் நுனி அந்தரத்தில் தொங்குகிறது. மோட்டாரையும் இந்த ஷாஃப்ட்டையும் இணைக்கும் கப்ளிங்கைச் செய்கிறவர்கள் பல்லை மட்டும் பார்த்துவிட்டு இந்த நுனியை மறந்தால் ஷாஃப்ட் ஆட ஆரம்பிக்கும், ஆயில் சீல் போகும், கொஞ்ச நாளில் கியர்பாக்ஸ் பேரிங்கும் போகும். எங்கள் கப்ளிங்கில் மோட்டார் பக்கத்துத் துண்டின் நடுவிலேயே பைலட் பேரிங்குக்கு இடம் குடைந்தாயிற்று. பல்லுக்குப் புதிதாக எதையும் வெட்டவில்லை, பழைய கிளட்ச் பிளேட்டின் நடுவில் இருக்கும் பல்வெட்டிய குமிழை மட்டும் அறுத்தெடுத்து அதைக் கப்ளிங்கில் பொருத்தினார் லேத் அண்ணன். கம்பெனி பல், கம்பெனி அளவு, அதைவிடப் பொருத்தமாக எதுவும் கிடைக்காது.

லேத் பட்டறை ஆவாரம்பாளையத்தில். பம்புக்கும் மோட்டாருக்கும் பேர்போன பகுதி அது, ஷாஃப்ட் சென்டர் பார்ப்பது அங்கே அன்றாட வேலை. இந்தியாவின் முதல் மின்மோட்டார் 1937-இல் கோயமுத்தூரில்தான் உருவானது, ஆம்பியர் மின் ஸ்கூட்டர் கம்பெனி 2008-இல் தொடங்கியதும் இதே ஊரில்தான். அந்தத் திறமை ஊரில் பரவிக் கிடப்பதால்தான் வீட்டு வேலையாக இதைச் செய்ய முடிகிறது என்று உறுதியாக நம்புகிறேன். மோட்டாருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே வரும் தகட்டை அண்ணன் முதலில் இரண்டு பின் போட்டு நிறுத்தி, சின்ன ஆட்டத்தையும் முள்ளில் காட்டும் டயல் கேஜ் வைத்து ஷாஃப்ட்டை ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, முள் ஏறக்குறைய அசையாமல் நின்ற பிறகுதான் போல்ட் ஓட்டையே போட்டார். ஓட்டையைப் போட்டுவிட்டு அப்புறம் சென்டர் பார்த்தால் அது சரிவராது. யார் லேத்தில் கொடுத்தாலும் இந்த வரிசையைக் கேட்டு வாங்குங்கள்.

கிளட்சை எடுத்துவிட்டோம். மோட்டாருக்கு ஐடிலிங் கிடையாது, நின்றபடியே கியர் மாற்றிக்கொள்ளலாம், மேட்டுக்கு முன்னால் நிறுத்தி முதல் கியருக்குப் போட்டால் ஆயிற்று. ரிவர்ஸுக்குப் பழைய கியர்பாக்ஸ் ரிவர்ஸையே வைத்துக்கொண்டு கன்ட்ரோலரின் ரிவர்ஸ் ஒயரைக் கட்டாமல் விட்டோம். இரண்டும் இருந்தால் என்றாவது ஒருநாள் இரண்டையும் போட்டு வண்டி முன்னால் பாயும், பின்னால் ஆள் நிற்கிற இடத்தில் அந்தக் குழப்பமே வேண்டாம்.

பேட்டரி எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை, 3.2 வோல்ட் 100 ஆம்பியர்-அவர் செல் 24, வரிசையில் கட்டினால் 76.8 வோல்ட், ஏறக்குறைய 7.7 யூனிட். இரண்டரை யூனிட் தேவைக்கு இது அதிகம் என்று தோன்றும். ஆனால் மேட்டில் எழுபது எண்பது ஆம்பியர் இழுக்கும்போது சின்ன பேட்டரி சூடாகும், இதில் செல் கைச்சூட்டைத் தாண்டுவதில்லை, அதோடு தினமும் மூன்றில் ஒரு பங்குதான் காலியாவதால் ஆயுளும் நீளும். என்.எம்.சி. என்ற இன்னொரு லித்தியம் வகை செல் இன்னும் எடை குறைவாகக் கிடைக்கும்தான். தோப்புக்குள் காய்ந்த மட்டையும் பன்னாடையும் குவிந்து கிடக்கிற இடத்தில், தீப்பிடிக்கத் தயங்கும் வகையையே நான் எடுப்பேன், எடை கூடினாலும் பரவாயில்லை. பெட்டி முன்சீட்டுக்குப் பின்னால், தாழ்வாக, தரைத் தகட்டில் போல்ட் போடாமல் சேஸிஸ் குறுக்குச் சட்டத்தில் போல்ட் போட்டு நிற்கிறது.

இந்த எல்.எஃப்.பி.யில் ஒன்று புரிந்துகொள்ள வேண்டும். முக்கால்வாசி நேரம் செல் 3.2-க்கும் 3.3-க்கும் நடுவிலேயே நிற்கும், எனவே வோல்ட் மீட்டரைப் பார்த்து பேட்டரி எவ்வளவு மீதி என்று சொல்ல முடியாது, கடைசியில் திடீரென்று விழும். மின்னோட்டத்தை அளக்க உதவும் ஷன்ட் வைத்து உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ணும் மீட்டர்தான் பெட்ரோல் முள்ளுக்கு மாற்று. மாமாவுக்கு டாஷ்போர்டில் அதை மட்டும் வைத்துவிட்டு வோல்ட் மீட்டரை சீட்டுக்கு அடியில் மறைத்துவிட்டேன்.

கிணற்று மோட்டாருக்கு ஒயர் இழுக்கும் அனுபவத்தோடு இதில் இறங்குகிற எலக்ட்ரிஷியன்களுக்கு ஒரு வார்த்தை. முழு சார்ஜில் இந்தப் பெட்டியில் 84 வோல்ட் டி.சி. இருக்கிறது. 84 தானே என்று தோன்றும், ஆனால் டி.சி.யில் பொறி விழுந்தால் அணையாது. ஏ.சி.யில் ஒவ்வொரு சுழற்சியிலும் மின்னோட்டம் பூஜ்ஜியத்தைத் தொடுவதால் பொறி அறுந்துவிடும், இதில் அப்படித் தொடுவதே இல்லை. வீட்டு போர்டில் இருக்கும் எம்.சி.பி. பிரேக்கரை இதில் போட்டால் அது உருகி ஒட்டிக்கொள்ளும். டி.சி.க்கு என்றே மதிப்பிட்ட ஃபியூஸ், பெரிய மின்னோட்டத்தை இணைத்து அறுக்கும் டி.சி. கான்டாக்டர், ஓட்டுநர் கை எட்டும் இடத்தில் ஒரு அவசர ஸ்விட்ச், இந்த மூன்றும் இல்லாமல் ஓட்டவே கூடாது. கன்ட்ரோலரின் உள்ளே பெரிய கெப்பாசிட்டர்கள் இருப்பதால் கான்டாக்டர் மூடும் முன் ஒரு ரெசிஸ்டர் வழியாக அவற்றை நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் கான்டாக்டர் முனை சில தடவையிலேயே வெல்டாகிவிடும். பெட்டியை 12, 12 செல்லாக இரண்டாகப் பிரித்து நடுவில் பிடுங்கும் பிளக் ஒன்று வைத்தோம், கை வைக்கும் முன் அதைப் பிடுங்கினால் எந்தப் பக்கமும் 42 வோல்ட்டுக்கு மேல் இல்லை.

மற்றவை சீக்கிரம் சொல்லிவிடலாம். ஆல்டர்னேட்டர் போய்விட்டதால் விளக்கு, ஹாரன், வைப்பருக்கு 72-லிருந்து 12 வோல்ட் ஆக்கும் கன்வர்ட்டர். எங்கள் வண்டியில் பிரேக் பூஸ்டர் இல்லை. இருக்கிற வண்டி என்றால் அதற்கு வேக்குவம் இன்ஜினிலிருந்து வந்துகொண்டிருந்தது, தனி வேக்குவம் பம்ப் வைக்காமல் ஓட்டினால் பிரேக் கல்லாகிவிடும். ஹேண்ட் பிரேக் கேபிளைப் புதிதாக மாற்றியே ஆக வேண்டும். பெட்ரோல் வண்டியைக் கியரில் போட்டு மேட்டில் நிறுத்தினால் இன்ஜின் கம்ப்ரஷன் பிடித்துக்கொள்ளும், மின்சாரம் இல்லாத மோட்டார் தாராளமாகச் சுற்றும், வண்டி தானாக இறங்கிவிடும். சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மரக்கட்டை எப்போதும் கிடக்கிறது, மேக்காட்டில் நிறுத்தினால் சக்கரத்துக்கு அடியில் அது போகும்.

சத்தமே இல்லாத வண்டி தோப்பில் பெரிய தொந்தரவு என்பது ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் தெரியும். காய் பொறுக்கும் பெண்கள் குனிந்து வேலை செய்வார்கள், பின்னால் வண்டி வந்து நிற்பது தெரியாது, ஆட்டுக்குட்டிகளுக்கும் தெரியாது. மாமா பழைய காளைச் சலங்கை ஒன்றை எடுத்து முன் பம்பருக்கு அடியில் கட்டிவிட்டார். மண்பாதைக் குலுக்கலில் அது நிற்காமல் ஒலிக்கிறது. ரிவர்ஸுக்குத் தனி பஸ்ஸர் இருக்கிறது.

சார்ஜ் விஷயத்தில் ஊர்க்காரர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள், தோட்டத்துக்குத்தான் கரண்ட் இலவசமாச்சே, பம்புசெட் லைனிலிருந்து போட்டுக்கொள்ளக் கூடாதா என்று. கூடாது. 1990-இலிருந்து எல்லா விவசாயிகளுக்கும் கிடைக்கும் அந்த இலவச இணைப்பு தண்ணீர் இறைக்க மட்டும், அதில் வண்டிக்குச் சார்ஜ் போடுவது விதிமீறல், பிடிபட்டால் அபராதத்தோடு இணைப்புக்கே சிக்கல் வரும். சாளை வீட்டு இணைப்பில் தனி 15 ஆம்பியர் பாயின்ட், எர்த், கசிவு மின்சாரம் அறுக்கும் பிரேக்கர் போட்டு அதிலிருந்து சார்ஜ் போடுகிறோம். சாயங்காலம் பொழுதோட மாட்டினால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 150 யூனிட் கூடுகிறது, அதில் வீட்டின் இலவச யூனிட்டைத் தாண்டி ஸ்லாப் ஏறும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தினமும் தொண்ணூறு சதவீதத்தோடு சார்ஜை நிறுத்துகிறோம். மேட்டிலிருந்து இறங்கும்போது மோட்டார் மின்சாரத்தைத் திருப்பி பேட்டரிக்குள் தள்ளும், பேட்டரி நிறைந்திருந்தால் செல்களைக் காக்கும் மின்சுற்றான பி.எம்.எஸ். அதை வாங்காமல் சட்டென்று அறுத்துவிடும், அப்போது வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்த இழுப்பு ஒரே நொடியில் போய்விடும், கன்ட்ரோலருக்கும் வோல்டேஜ் எகிறும். மாதம் ஒரு முறை மட்டும் முழுசாக ஏற்றுகிறோம், செல்களைச் சமப்படுத்தும் வேலையை பி.எம்.எஸ். உச்சியில்தான் செய்யும். அன்றைக்கு வண்டி சமதளத்தை விட்டு ஏறாது.

இந்தக் காலத்தில் வந்த ஒரே பெரிய கோளாறு எலியால். ஒருநாள் காலையில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் மோட்டார் உறுமி உதறியது, நகரவில்லை. மோட்டார் எரிந்துவிட்டது என்றே எல்லாரும் நினைத்தார்கள். பி.எல்.டி.சி. மோட்டாருக்குள் ரோட்டர் எங்கே நிற்கிறது என்று சொல்லும் ஹால் சென்சார் மூன்று இருக்கின்றன, அவற்றுக்கு 5 வோல்ட் போகிறது. சக்கரத்தைத் தூக்கிவைத்துக் கையால் சுற்றிக்கொண்டே மூன்று ஒயரிலும் மீட்டர் வைத்தால் ஒவ்வொன்றும் பூஜ்ஜியத்துக்கும் ஐந்துக்கும் மாறி மாறி வர வேண்டும். ஒன்று அசையவே இல்லை. தேடினால் சீட்டுக்கு அடியில் அந்த மெல்லிய ஒயரை எலி கடித்திருக்கிறது. தென்னந்தோப்பில் எலிக்குப் பஞ்சமா? ஒயரை மாற்றி, சென்சார் ஒயர் முழுவதையும் வளையும் இரும்புக் குழாய்க்குள் விட்டோம், கன்ட்ரோலர் பெட்டியின் காற்றுத் துளைகளுக்குக் கம்பி வலை போட்டோம். வலை இன்னொன்றுக்கும் உதவியது, மட்டை உரிக்கும் இடத்திலிருந்து பறக்கும் நார்த்தூசி உள்ளே போய் ஹீட் சிங்க்கில் படிவது குறைந்தது. மாதம் ஒரு முறை அந்த வலையைத் தட்டிச் சுத்தம் செய்கிறார்கள்.

செலவு மொத்தம் ஒன்றே முக்கால் லட்சத்தைத் தொட்டது, அதில் பாதிக்கு மேல் பேட்டரியும் அதன் பெட்டியும். மோட்டார், கன்ட்ரோலர் அடுத்தது. லேத் வேலை நான் பயந்த அளவுக்கு இல்லை. பெட்ரோல் ஓடியபோது நாளுக்கு ஒன்றரை லிட்டர் போய்க்கொண்டிருந்தது, லிட்டர் 100 ரூபாய்க் கணக்கில் 150 ரூபாய். இப்போது மின்சாரம் நாளுக்கு 15 ரூபாய்க்குள். வருடத்துக்கு 40,000 ரூபாய் அளவுக்கு மிச்சம், கார்புரேட்டர், பிளக், ஆயில் என்று மெக்கானிக்கைக் கூப்பிட்ட செலவு தனி. போட்ட காசு திரும்ப நாலு வருடத்துக்கு மேல் ஆகும். ஓட்டம் ஒரு நாளைக்கு ஐந்து கிலோமீட்டர்தான் என்றால் பத்து வருடம் ஆகும், அந்தத் தோப்புக்கு நான் பழைய இன்ஜினையே சர்வீஸ் செய்து வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

அடுத்து களத்துக் கூரையில் சோலார் தகடு வைத்துப் பகலிலேயே ஏற்றலாமா என்று மாமா கேட்டுக்கொண்டிருக்கிறார். மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை ஆட்கள் சாப்பிட்டு ஓய்வெடுக்கும் நேரம் வண்டி நிற்கிறது, வெயிலும் அப்போதுதான் உச்சத்தில். ஒரு கிலோவாட் தகடு அந்த மூன்று மணி நேரத்தில் ஒரு நாள் தேவையின் பெரும்பகுதியைத் தந்துவிடும். ஆனால் தென்னை நிழல் விழாத கூரை அங்கே கொப்பரை உலர்களத்தை ஒட்டி ஒன்றுதான் இருக்கிறது, வண்டி அங்கே வந்து நிற்க வழியில் ஒரு திட்டை வெட்ட வேண்டும். தை முடிந்து மண் காய்ந்ததும் அந்தப் பாதையிலும் தராசைக் கட்டி இழுத்துப் பார்க்கப் போகிறோம்.